பழுது பார்க்குமுன் பழுதைப் பார்!



என் வீட்டில் ஒரு பழைய மேசைக் கணினி இருக்கிறது. 2009ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் சுங்கைப் பட்டாணியில் வாங்கியது. விண்டோஸ் 7 வெளிவந்து இரண்டு மாதம்கூட நிறையாத நேரம். 2 கிகாபைட் நினைவகமும் 320 கிகாபைட் வன்தட்டும் அன்றைக்கு எங்கள் வீட்டுக்குப் பெருஞ்செல்வம். இன்று என் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி அதைவிடப் பன்மடங்கு ஆற்றலுடையது. ஆயினும் அந்தக் கணினியை நான் கழித்துவிடவில்லை.

காரணம் உண்டு. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்படும்வரை நான் உருவாக்கிய பயிற்சித்தாள்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அவைகூடப் போனால் போகட்டும். 'குரல்கள்' என்ற பெயரில் ஒரு கோப்புறையும் அதில் இருந்தது. 2011ஆம் ஆண்டில் கேஎஸ்எஸ்ஆர் கலைத்திட்டம் முதலாம் ஆண்டில் தொடங்கியபோது, என் மாணவர்கள் வாசிப்பதை ஒலிப்பதிவு செய்து வைக்கத் தொடங்கினேன். எழுத்துக்கூட்டித் தடுமாறிய பிள்ளை ஆண்டிறுதியில் கடகடவென்று வாசிப்பதைப் பெற்றோருக்குக் காட்டவேண்டும் என்பதே நோக்கம். ஆறு ஆண்டுகள் அதைச் செய்தேன். அந்தக் குரல்களுக்கு வேறு படி எதுவும் கிடையாது. "முக்கியமானவற்றுக்கு எப்போதும் ஒரு படி எடுத்து வையுங்கள்" என்று மாணவர்களுக்கு ஓதிய நானே எடுத்து வைக்கவில்லை.

அந்தக் கணினி மூன்று முறை படுத்தது. மூன்று முறையும் நான் தவறான இடத்தில் பழுதைத் தேடினேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் பழைய கணினி இருந்தால் சில செய்திகள் பயன்படும். கடைசியில் ஒரு சிறுவனைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. உண்மையில் இதை எழுதத் தூண்டியவன் அவன்தான்.

முதல் பழுது: நான்கு வெள்ளி மின்கலம்

2019ஆம் ஆண்டு. ஒரு நாள் காலை கணினியைத் திறந்தால் எந்த இணையத்தளமும் திறக்கவில்லை. 'இத்தளம் பாதுகாப்பானதன்று' என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை மட்டும் வந்தது. இணைய இணைப்பில்தான் கோளாறு என்று நான் முடிவு கட்டிவிட்டேன். சேவை நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக் கடுமையாகவே பேசினேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாக, "உங்கள் கைப்பேசியில் இதே இணைப்பு வேலை செய்கிறதா, ஐயா?" என்று கேட்டார். செய்தது! எனக்குப் பேச்சு எழவில்லை.

என் மகள்தான் திரையின் வலது கீழ் மூலையைச் சுட்டிக் காட்டினாள். அங்கே தேதி 2009 சனவரி 1 என்று இருந்தது.

கணினியின் மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிட்டாலும் அதன் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். தாய்ப்பலகையில் பொருத்தியிருக்கும் ஒரு வட்ட மின்கலம் அதை ஓட்டுகிறது. பெயர் சிஆர்2032. அந்தப் பெயரிலேயே அளவும் இருக்கிறது: குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். மின்னழுத்தம் 3 வோல்ட். சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். தீர்ந்தால் கணினி நாளை மறந்து தன் தொடக்கத் தேதிக்குத் திரும்பிவிடும். பாதுகாப்பான இணையத்தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு; அது இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று வரையறை உண்டு. என் கணினியோ பத்து ஆண்டுக்கு முந்தைய நாளில் வாழ்ந்துகொண்டிருந்தது. அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் எதுவும் இன்னும் பிறக்கவே இல்லை! ஆகவே எல்லாத் தளங்களையும் ஐயுற்றது.

கைக்கடிகாரக் கடையில் நான்கு வெள்ளிக்கு மின்கலம் வாங்கினேன். மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பழையதை எடுத்துப் புதியதை வைத்தேன். தேதியைத் திருத்தினேன். அவ்வளவுதான்.

தொல்லை தென்பட்ட இடம் இணையம். தொல்லை பிறந்த இடம் ஒரு வட்ட மின்கலம். இரண்டுக்கும் உள்ள தொலைவைப் பாருங்கள்.

இரண்டாம் பழுது: பல்லி முட்டையும் தூசியும்

2020 மார்ச் 18 முதல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பள்ளிகள் மூடின. நான் மடிக்கணினியில் பாடம் நடத்தினேன். மகள் பழைய கணினியில் பாடம் கேட்டாள். அதற்கு முன் நாளுக்கு ஒரு மணி நேரம் உழைத்த கணினி, திடீரென்று ஐந்து ஆறு மணி நேரம் உழைக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் வாரத்தில் அது பாடத்தின் நடுவே பட்டென்று அணைந்துபோனது. மீண்டும் திறந்தால் ஐந்து நிமிடம் ஓடும், மறுபடி அணையும். 'நச்சுநிரல் புகுந்துவிட்டது' என்று நான் தீர்ப்பளித்தேன். மகள் எதையோ தரவிறக்கியிருப்பாள் என்று அவளைக் கடிந்துகொண்டேன். 'குரல்கள்' கோப்புறை இருந்த பகுதியைத் தொடாமல், விண்டோஸ் இருந்த பகுதியை மட்டும் அழித்து மறுபடி நிறுவினேன். ஒரு நாள் முழுவதும் போயிற்று. மறுநாள் கணினி மீண்டும் அணைந்தது.

கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. அப்போதுதான் என் முன்னாள் மாணவர் ஒருவரின் நினைவு வந்தது. பல்தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படித்தவர். புலனத்தில் செய்தி அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"ஐயா, திறந்தவுடனே அணைகிறதா, கொஞ்ச நேரம் ஓடிய பிறகு அணைகிறதா?"

"காலையில் முதல் தடவை அரை மணி நேரம் ஓடுகிறது, தம்பி. அடுத்த தடவை ஐந்து நிமிடம்தான்."

"நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தால்?"

"மறுபடி அரை மணி நேரம் ஓடும்."

"அப்படியென்றால் நச்சுநிரல் இல்லை, ஐயா. நச்சுநிரலுக்கு ஓய்வு என்றால் என்னவென்று தெரியாது. இது சூடு."

மூன்றே கேள்விகள்! நான் ஒரு நாள் முழுவதும் செய்த வேலையை மூன்று கேள்விகள் செய்துவிட்டன.

அவர் சொன்னபடி பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். பத்து ஆண்டுத் தூசி. செயலியின் மேல் இருக்கும் அலுமினியத் தகடுகளின் இடைவெளி தெரியவில்லை. பஞ்சுமெத்தை விரித்தாற்போல் அடைத்துக் கிடந்தது. ஒரு மூலையில் இரண்டு பல்லி முட்டை ஓடுகள். செயலி அளவு கடந்து சூடாகும்போது, தான் எரிந்துபோகாமல் இருக்கத் தானே அணைந்துகொள்ளும். பழுது என்று நான் எண்ணியது உண்மையில் கணினி தன்னைக் காத்துக்கொண்ட முறை!

மெல்லிய தூரிகையால் தூசியை எடுத்தேன். காற்றடிக்கும்போது விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளச் சொன்னார். வேகமாகச் சுழலவிட்டால் விசிறியே மின்சாரத்தை உண்டாக்கித் தாய்ப்பலகைக்குள் அனுப்பிவிடக்கூடும். கட்டுப்பாடு தளர்ந்து கடைகள் திறந்த பிறகு, செயலிக்கும் அலுமினியத் தகட்டுக்கும் இடையே காய்ந்து பொடியாகிவிட்ட வெப்பப் பசையைத் துடைத்துவிட்டுப் புதிது இட்டேன். ஒரு பட்டாணி அளவு போதும். அதிகம் பூசினால் அதிகம் குளிரும் என்பது தவறு.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைப்பா" என்றாள். ஆனால் அவள் முகம் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

மூன்றாம் பழுது: ஒன்றுக்குள் ஒன்று

விண்டோஸ் 7க்கான ஆதரவை 2020 சனவரி 14ஆம் நாளோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்தியிருந்தது. ஆகவே பள்ளிகள் திறந்தபின் அந்தக் கணினியை இணையத்திலிருந்து பிரித்துவிட்டேன். எழுதவும் பழைய கோப்புகளைப் பார்க்கவும் மட்டும் அது பயன்பட்டது.

2024 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியுமே வார விடுமுறை. மாலையில் இடியோடு மழை. மழை விட்டபின் பொத்தானை அழுத்தினேன். விசிறி ஒரு நொடி சுழன்றது, நின்றது. மறுபடி சுழன்றது; நின்றது. திரையில் ஒன்றுமில்லை.

பட்டணத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் பத்து நிமிடம் பார்த்தார். "தாய்ப்பலகை போய்விட்டது. இதற்கு இனி பொருள் கிடைக்காது. புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து நானே நினைவகப் பட்டைகளைப் பிடுங்கி மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தேன். பயனில்லை. அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 'குரல்கள்' கோப்புறையில் ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளின் குரல்கள் இருந்தன.

மறுநாள் அதே மாணவர் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு மல்டிமீட்டரும் வேறொரு கணினியிலிருந்து கழற்றிய பவர் சப்ளையும். உட்கார்ந்ததும் கணினியைத் தொடவில்லை. தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார்.

"நன்றாக ஓடியது எப்போது, ஐயா? அதற்கும் இப்போதைக்கும் நடுவில் என்னென்ன மாறின?"

மழை, இடி, கடைக்கு எடுத்துச் சென்றது, நான் பட்டைகளைப் பிடுங்கியது என வரிசையாகச் சொன்னேன். ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவோம், ஐயா. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்."

மின்கம்பியைக் கழற்றினார். பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கினார். தாய்ப்பலகையில் நிற்கும் சிறிய உருளைகளை, அதாவது மின்தேக்கிகளை, கைவிளக்கால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "தலை தட்டையாக இருக்கிறது பாருங்கள். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ கெட்டுவிட்டது என்று பொருள்" என்றார். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் குறைபாடுள்ள மின்தேக்கிகளால் உலகெங்கும் எத்தனையோ கணினிகள் இவ்வாறு கெட்டன. என்னுடையவை நன்றாகவே இருந்தன.

அடுத்துப் பவர் சப்ளை. மின்கம்பியை மாட்டிப் பொத்தானை அழுத்தச் சொன்னார். விசிறி தள்ளாடிய அந்தச் சில நொடிகளில் மஞ்சள் கம்பியை அளந்தார். அதில் 12 வோல்ட் வர வேண்டும். 5 விழுக்காடு ஏறி இறங்கலாம், அதாவது 11.4க்குக் கீழே போகக்கூடாது. மல்டிமீட்டர் 10.7 என்று காட்டியது. பழுது அங்கேதான். நான் ஆர்வமாகத் திருப்புளியை எடுத்துப் பவர் சப்ளையைத் திறக்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம் அதற்குள்ளே 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தமாக மாறித் தேங்கி நிற்கும். கம்பியைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் நிற்கும். உயிருக்கே ஆபத்து. பெற்றோர்களே, இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பவர் சப்ளையை மாற்றலாம், திறக்கக் கூடாது.

கொண்டுவந்ததை மாட்டினார். விசிறி நிற்காமல் சுழன்றது. எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து நீண்ட ஒலி ஒன்று விட்டுவிட்டு வந்தது.

"பார்த்தாயா தம்பி, கடைக்காரர் சொன்னது சரிதான்" என்றேன்.

அவர் சிரித்தார். "இல்லை, ஐயா. நேற்று இந்த ஒலி வரவில்லை. இப்போது வருகிறது என்றால் கணினி நம்மோடு பேசத் தொடங்கிவிட்டது. இந்தத் தாய்ப்பலகையில் இப்படி ஒலித்தால் நினைவகத்தைப் பார் என்று பொருள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் ஒலிக்கணக்கு மாறும். கையேட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்."

நினைவகப் பட்டைகளை எடுத்தார். நான் பதற்றத்தில் விரலால் தொட்டுத் தொட்டுச் செருகியதில் பொன்னிறத் தொடுமுனைகளில் அழுக்கும் வியர்வையும் படிந்திருந்தன. ஒன்று முழுமையாக உட்காரவே இல்லை. "அழிப்பான் இருக்கிறதா, ஐயா?" என்றார். ஆசிரியர் வீட்டில் அழிப்பானுக்கா பஞ்சம்! பென்சில் அழிப்பானால் தொடுமுனைகளை மெதுவாகத் தேய்த்தார். துகள்களை ஊதி அகற்றினார். ஒரே ஒரு பட்டையை மட்டும் செருகினார், 'கிளிக்' என்று ஒலிக்கும்வரை. திரையில் எழுத்துகள் தோன்றின.

அன்றைக்குக் கற்றுக்கொண்ட பெரிய பாடம் இது. பவர் சப்ளை பழுது இயற்கையாக வந்தது. நினைவகப் பழுது நான் உண்டாக்கியது. இரண்டும் ஒன்றாகக் கூடியிருந்ததால், முதலாவதைச் சரிசெய்தும் பயன் தெரியவில்லை. அவர் மட்டும் இல்லையென்றால், 'புதுப் பவர் சப்ளை போட்டும் ஓடவில்லை, ஆகவே தாய்ப்பலகைதான்' என்று நன்றாக இருந்த தாய்ப்பலகையைக் குப்பையில் போட்டிருப்பேன்.

குரல்கள்

கணினி எழுந்தது. ஆனால் வன்தட்டிலிருந்து 'டக், டக்' என்று ஒலி கேட்டது. அவர் முகம் மாறிவிட்டது.

"ஐயா, எதையும் திறந்து பார்க்காதீர்கள். சரிசெய்யும் நிரல் எதையும் ஓட்டாதீர்கள். முதலில் படி எடுப்போம்."

வன்தட்டு தேய்ந்துகொண்டிருக்கும்போது அது சுழலும் ஒவ்வொரு நிமிடமும் விலை உள்ளது. பழுது நீக்கும் நிரல் தட்டை முழுவதும் தேய்த்துத் துழாவும். எஞ்சிய உயிரை அதுவே குடித்துவிடக்கூடும். குளிர்பெட்டியில் வைத்தால் சரியாகும் என்று சொல்பவர்களும் உண்டு. அதைச் செய்யாதீர்கள், ஈரம் உள்ளே படிந்து நிலைமை இன்னும் கெடும். அவர் ஒரு விரலியில் லினக்ஸ் கொண்டுவந்திருந்தார். அதிலுள்ள ஒரு நிரல், நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் படி எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில்தான் போகும். எளிதான கேள்விகளை முதலில் எழுது, கடினமானதைக் கடைசியில் பார் என்று தேர்வுக்கு முன் நாம் சொல்வதில்லையா? அதே முறைதான்.

இரண்டு இரவும் ஒரு பகலும் ஓடியது. பெரும்பாலானவை மீண்டன. 2012ஆம் ஆண்டுக் கோப்புறை மட்டும் சிதைந்திருந்தது. சில ஒலிக்கோப்புகள் திறக்கவில்லை. சில பாதியில் நின்றன.

பாதியில் நின்றவற்றுள் ஒன்று அந்தச் சிறுவனுடையது. பதினொரு நொடிகள் மட்டும் மீண்டிருந்தன.

இனி அவனைப் பற்றிச் சொல்கிறேன்.

2012இல் அவன் இரண்டாம் ஆண்டு மாணவன். வெண்பலகையில் எழுதிப்போடுவதைப் பார்த்து எழுதச் சொன்னால் பாதி எழுத்து தப்பாக இருக்கும். சில நாள் எழுதவே மாட்டான். பக்கத்துப் பையனின் ஏட்டை எட்டிப் பார்ப்பான், பேசுவான். கவனம் இல்லை, சோம்பல் என்று நான் முடிவு செய்தேன். பேச்சைக் குறைக்கக் கடைசி வரிசைக்கு மாற்றினேன். இன்னும் மோசமானான். 'பாடத்தில் அக்கறை இல்லை; வீட்டில் கண்டிக்கவும்' என்று அவன் குறிப்பேட்டில் எழுதி அனுப்பினேன்.

அடுத்த ஆண்டு வேறோர் ஆசிரியை அவன் வகுப்பை எடுத்துக்கொண்டார். முதல் வாரத்திலேயே அவனை முன்வரிசையில் உட்கார வைத்தார். வேறெதையும் மாற்றவில்லை. எழுத்துப் பிழை பாதியாகக் குறைந்தது. கண் மருத்துவரிடம் காட்டச் சொன்னார். கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டான். அவ்வளவுதான் அவனுடைய 'சோம்பல்'.

அதை அப்போதே அறிந்தேன், வருந்தினேன், பிறகு வேலைகளில் மறந்தும்போனேன். இப்போது அந்தப் பதினொரு நொடிகளைக் கேட்டபோது நெஞ்சு அடைத்தது. அவன் தடுமாறவே இல்லை! கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு தெளிவாக, நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கிறான். றகரமும் ரகரமும் பிசகவில்லை. மூன்றாம் வாக்கியத்தின் நடுவில் ஒலி அறுந்துபோகிறது.

எண்ணிப் பாருங்கள். கையில் உள்ள புத்தகத்தை அருமையாக வாசிக்கும் பிள்ளை, பலகையில் உள்ளதை மட்டும் தப்பாக எழுதுகிறான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தொலைவு ஒன்றுதான். கைப்பேசியில் இணைப்பு வேலை செய்கிறதா என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாரே, அதே சோதனை! சான்று என் கணினியிலேயே, நானே பதிவு செய்த கோப்பில் இருந்தது. நான் அதைக் கேட்டேன். வாசிப்புக்கு மதிப்பெண்ணும் இட்டேன். ஆனால் அதையும் பலகையையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

கடைசி வரிசைக்கு மாற்றியது, நான் நினைவகத்தைப் பிடுங்கிச் செருகியதைப் போன்றது. ஏற்கெனவே இருந்த பழுதின்மேல் நானே ஒன்றைச் சேர்த்தேன்.

பழைய குறிப்புகளில் அவன் தாயாரின் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தேன். அப்போது ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவர். மகன் இப்போது சிலாங்கூரில் வேலை செய்வதாகச் சொன்னார். நான் என் தவற்றைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "அதையெல்லாம் இன்னுமா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், ஐயா? நீங்கள் எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டு நானும் அவனை அடித்தேன். தெரியாமல்தானே செய்தோம்."

'செய்தோம்' என்றார். என் பங்கைத் தம் பங்கோடு சேர்த்துக்கொண்டார். அந்தப் பெருந்தன்மைக்கு நான் தகுதியுடையவன் அல்லன். பதினொரு நொடிகளையும் அவருக்குப் புலனத்தில் அனுப்பினேன். மகனுக்கு அனுப்புவதாகச் சொன்னார். அவனிடமிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

நிறைவாகச் சில சொற்கள்

திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவனுக்கு ஒரு முறை வகுத்திருக்கிறார். நோய் இன்னதென்று தெளிதல், அது வந்த காரணத்தைத் தெளிதல், பிறகே தீர்க்கும் வழியைத் தேடுதல். ஆண்டுதோறும் அந்தக் குறளை நான் பொருள் கூறி நடத்தியிருக்கிறேன். என் கணினிக்கும் அதைச் செய்யவில்லை. என் மாணவனுக்கும் செய்யவில்லை. என் மாணவரோ, என்னிடம் படித்த அந்தப் பாடத்தை என் வீட்டுக்கே வந்து செய்து காட்டிவிட்டுப் போனார்.

ஆகவே, உங்களுக்குச் சொல்ல விரும்புபவை இவை:

1. பழுது எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வராத நேரம்தான் பெரும்பாலும் உண்மையைச் சொல்லும்.

2. நன்றாக ஓடிய நாளுக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது என்று கேளுங்கள்.

3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். செலவில்லாததை முதலில் மாற்றுங்கள். அழிப்பானும் தூரிகையும் நான்கு வெள்ளி மின்கலமும் தீர்க்காததற்குப் பிறகு கடைக்குப் போகலாம்.

4. பழுது பார்க்கத் தொடங்குமுன் இழக்கக்கூடாதவற்றுக்குப் படி எடுங்கள். நல்ல நாளிலேயே எடுத்துவிடுங்கள். இப்போது 'குரல்கள்' மூன்று இடங்களில் இருக்கின்றன.

5. இவற்றில் முதல் மூன்றையும் பிள்ளைகளைப் பற்றிக் குறிப்பேட்டில் எழுதுமுன்பும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

என் கணினி இப்போதும் ஓடுகிறது. வன்தட்டை மாற்றிவிட்டேன். பவர் சப்ளைக்குத் தம்பி பணம் வாங்க மறுத்துவிட்டார். இந்தக் கட்டுரையையும் அதில்தான் தட்டச்சு செய்கிறேன். திரையின் வலது கீழ் மூலையில் தேதி சரியாக இருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் எழுதத் தொடங்கினேன்.

இந்த ஆண்டு என் வகுப்பில் பலகையைப் பார்த்து எழுதத் தயங்கும் பெண் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். நாளை அவளை முன்வரிசைக்கு மாற்றப்போகிறேன். வேறெதையும் மாற்றப்போவதில்லை. ஒரு வாரம் பார்க்க வேண்டும்.

அன்புடன், உங்களில் ஓர் ஆசிரியன்.